இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்

துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வலது உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் கப்பல்காரர். மணி காலை ஐந்தரை. அது சுற்றி ஓயும்வரை கையை எடுக்க மாட்டார். அடுத்து ஃப்ரிட்ஜ், அதற்கடுத்துத் தண்ணீர் மோட்டார், கடைசியாகச் சமையலறைச் சுவரை ஒட்டி இறங்கும் குழாய். வார்டுக்குள் நுழைந்த பெரிய டாக்டர் மாதிரி ஒவ்வொன்றின் முன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். "மோட்டாருக்குச் சளி பிடிச்சிருக்கு" என்பார். "ஃப்ரிட்ஜ் சரியாத் தூங்கலை போல." இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சாயங்காலம் மோட்டார் நின்றுபோனதும் அவர்களே வந்து, எப்படித் தெரிந்தது என்று கேட்டதும் உண்டு.

காதால் கேட்டு அவர் எதையும் கண்டுபிடித்ததில்லை. காது போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. கடற்படையில் இருபத்திரண்டு வருஷம், அத்தனையும் கப்பலின் அடிவயிற்றில், இன்ஜின் அறையில். பக்கத்தில் நிற்பவன் காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும் இடம் அது. காதுக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தான் மகன். ஒரு வாரம் போட்டுக்கொண்டார். "சட்டை உரசுறதுகூட இன்ஜின் மாதிரி கேக்குது. நான் ரிட்டயர் ஆயிட்டேன்டா" என்று கழற்றி அலமாரியில் வைத்தவர், பிறகு அதைத் தொடவேயில்லை.

காது போனவருக்குக் குரல் மட்டும் குறையவில்லை. எதிர்வீட்டு மாடியில் நிற்பவரோடு பேசுவதுபோலத்தான் பக்கத்து நாற்காலிக்காரரோடும் பேசுவார். அந்த வீட்டில் ரகசியம் என்று எதையும் வைத்துக்கொள்ள முடியாது. யாருக்கு வயிற்றுவலி, யார் பரீட்சையில் கோட்டை விட்டது, இன்றைய சமையலில் உப்பு எப்படி, எல்லாம் தெருமுனைத் தையல்காரர் வரைக்கும் போய்விடும். அவர் இறந்து நான்கு மாதமாகிறது. தெரு அவரைப் பற்றிப் பேசும்போது இன்னும் சத்தமாகத்தான் பேசுகிறது.

கடல் கதை கேட்க வந்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள். புயலில் மாட்டியிருக்கிறீர்களா, திமிங்கலம் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, "டீசல் பார்த்திருக்கேன்" என்பார். "எங்க அறை தண்ணி மட்டத்துக்குக் கீழே. கடல் எங்களுக்குச் சுவத்துக்கு அந்தப் பக்கம். மேல்தளத்துல இருக்கிறவன் தீவு பார்த்தேன், பறக்குற மீன் பார்த்தேன்னு பொண்டாட்டிக்கு எழுதுவான். நான் என்ன எழுதுறது? எண்ணெய் அளவு பார்த்தேன்னா?" அவர் எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் மூன்று வரி. இங்கே சூடு அதிகம். நான் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பதக்கங்கள் இரண்டு வாங்கியிருந்தார். தையல் பெட்டிக்குள் பொத்தான்களோடு பொத்தானாக அவை கிடந்தன. எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டால், "நின்ன இடத்துலயே நின்னதுக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

அந்த வீட்டில் அவரை அதிகம் பார்த்துக்கொண்டிருந்தவள் மருமகள். இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் பகல் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில், லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய தன் வெள்ளைக் கோட்டை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இஸ்திரி போட்டிருந்தது. கையை வைத்தால் அறுத்துவிடும் என்பதுபோல மடிப்பு. ஆறு மாதமாக இல்லாமல் இருந்த மூன்றாவது பொத்தான் தைக்கப்பட்டிருந்தது.

"அத்தை, நீங்களா?" என்று கேட்டாள்.

மாமியார் சிரித்தாள். "எனக்கு நூல் கோக்கவே வராதும்மா. உங்க மாமாதான். கப்பல்ல பொண்டாட்டியா வந்து தைச்சுக் குடுப்பா? எல்லாரும் கத்துக்கணும்."

அதன்பிறகு தலையணை உறை, கைக்குட்டை, கைப்பிடித் துணி என்று எது கிடைத்தாலும் அவர் இஸ்திரி போடாமல் விட்டதில்லை. பகல் சாப்பாடு முடிந்ததும் கூடத்து மேஜையில் கம்பளியை விரிப்பார். வேலை நடக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது.

இன்னொரு பழக்கம் கொஞ்சம் தொல்லையானது. வீட்டைவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. "போய்ட்டு வரேன்" என்றால் விட மாட்டார். "எத்தனை மணிக்கு?" என்பார். ஆறு, ஆறரைக்கு என்று இழுத்தால், "ஆறா, ஆறரையா?" என்று திரும்பக் கேட்பார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வாசலில் நிற்பார். தாமதமாக வந்தால் திட்ட மாட்டார். வந்தவரை ஏற இறங்க ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று மருமகளுக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

நாற்பது வயதில் கடற்படையை விட்டு வந்ததும் சரக்குக் கப்பல்காரர்கள் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில் ஜெனரேட்டர் அறை. அங்கே சேர்ந்து பதினெட்டு வருஷம் வேலை பார்த்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம் என்பதுதான் அந்த வேலையில் அவருக்குப் பிடித்த ஒரே விஷயம். அன்றிலிருந்து ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லை. மகனின் கல்யாணம் வேறு ஊரில் நடந்தது. சாப்பாட்டுப் பந்தி முடியும் முன்பே மனைவியோடு பேருந்து நிலையத்தில் நின்றார். சம்பந்தி வீட்டுக்காரர்களுக்குக் கோபம் ஆற இரண்டு வருஷம் பிடித்தது.

அவர் வந்து சேர்ந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அதுவரை வருஷத்துக்கு ஒரு மாதம் பெட்டியோடு வந்து போகிற மனிதர். "முதல்ல நான் அவரை சார்னுதான் கூப்பிட்டேன்" என்று மகன் ஒருமுறை மனைவியிடம் சொன்னான். "பள்ளிக்கூடத்துல புது வாத்தியார் வந்தா கூப்பிடுவோமே, அது மாதிரி வந்துடுச்சு. அம்மா அதட்டினாங்க. அவரு அதட்டலை. நான் சார்னா, அவரும் 'சொல்லுங்க சார்'ம்பாரு. ஒண்ணரை வருஷம் ஓடுச்சு அது. எப்ப மாறிச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லை."

மருமகளை ஆவல் விடவில்லை. ஒருநாள் மாமனாரிடம் கேட்டாள்.

"வியாழக்கிழமை" என்றார் உடனே. "பள்ளிக்கூடத்துல இருந்து நொண்டிக்கிட்டே வந்தான். செருப்பு வார் அறுந்துபோச்சு. 'அப்பா, இதைப் பாருங்க'ன்னு நீட்டினான். நான் பார்த்தேன்."

இஸ்திரிப் பெட்டியை எடுத்து அடுத்த சட்டைக்குப் போய்விட்டார்.

மனைவியிடம் மட்டும் அவருக்குக் காது கேட்டது. அதாவது, அவள் உதடு அசைவதை வைத்தே முழுப் பேச்சையும் பிடித்துவிடுவார். முதுகைக் காட்டிப் பேசினால்தான் சிக்கல். வேலைக்குப் போன காலத்தில் அவள் டெலிபோன் இணைப்பகத்தில் ஆபரேட்டர். காதில் மாட்டிய கருவியோடு ஊரில் யார் யாருக்கோ லைன் போட்டுக் கொடுத்தவள். குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு சொல்லையும் பிட்டு வைத்ததுபோலப் பேசுவாள். ஊரிலேயே மெதுவாகப் பேசுகிற பெண்ணுக்கும் சத்தமாகப் பேசுகிற ஆணுக்கும் நடுவே பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது என்று பார்க்க மருமகளுக்கு வேடிக்கையாக இருக்கும்.

அந்தப் பெண்ணுக்குத்தான் ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. முதலில் அடுப்பு அணைத்தது மறந்தது. பிறகு அடுத்த தெரு மறந்தது. ஒரு வருஷத்துக்குள், போன வாரம் என்பது அவளுக்கு இல்லாமலே போய், நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

அப்படி ஒரு பகலில், மருமகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அத்தை சமையலறை அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"பால் எங்கம்மா வெச்ச? பாப்பா எழுந்துடுவா."

வீட்டில் அப்போது குழந்தை யாரும் இல்லை. "எந்தப் பாப்பா அத்தை?"

"நல்லாக் கேட்ட போ. நம்ம பாப்பாதான்."

பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சொல்கிறாள் என்று நினைத்து மருமகள் திரும்பினாள். கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் மனைவியின் உதடுகளைப் பார்த்துவிட்டிருந்தார். பெட்டியின் சுவிட்சை அணைத்தார். நேராக வந்து மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, தான் தரையில் மண்டியிட்டார். முழங்கால் மடங்காத மனிதர்.

"பாப்பா இல்லைம்மா. செத்துப்போச்சு. காய்ச்சல் வந்துச்சு. நாப்பத்தோராவது நாள்."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் எப்படியோ. அவர் குரலில் அது வீடு முழுக்க இடித்தது. அத்தை அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த மாதிரிச் சத்தத்தை மருமகள் அதுவரை மனிதர்களிடமிருந்து கேட்டதில்லை.

"நீங்க எங்க போனீங்க?" என்றாள் அத்தை. "எங்க போனீங்க நீங்க?" அவர் மார்பில் குத்தினாள். சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"கப்பல்ல இருந்தேன். இப்ப வந்துட்டேன்" என்றார் அவர். "இங்கதான் இருக்கேன்."

அரைமணி நேரம் அப்படியே இருந்தார்கள். அதன்பின் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்காகத் துடைக்கிறோம் என்று விளங்காமல் விரல்களைப் பார்த்தாள். டீ கேட்டாள். அவர் எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

அன்று மாலை மருமகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கூடத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்தார். தன் குரலைப் பற்றி அவர் யோசித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மகனுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தது. அவர் கப்பலில் இருந்தார். பிறந்த செய்தி வந்தது. பெயரை நீங்களே வந்து வையுங்கள் என்று மனைவி எழுதியிருந்தாள். வரும்வரை பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இறந்த செய்தி அவர் கைக்குப் பதினோராம் நாள்தான் போய்ச் சேர்ந்தது. அதிகாரி கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். தோளில் கை வைத்தார். கரை இருந்த திசைகூட அவருக்குத் தெரியவில்லை. திரும்பக் கீழே இறங்கிப் போய் மிச்சமிருந்த வேலை நேரத்தைப் பார்த்தார். வீடு வந்து சேர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று.

"கதவைத் திறந்தா. 'சாப்பிடுறீங்களா?'ன்னு கேட்டா. சாப்பிட்டேன்" என்றார். "ஊர்ல எல்லாருக்கும் லைன் போட்டுக் குடுத்தவ. அன்னிக்கு எனக்குப் போட முடியலை அவளால. யார்கிட்ட சொல்லி அழுவா? தனியா அழுது முடிச்சிட்டா. நான் வந்தப்ப ஒண்ணும் மிச்சமில்லை."

போட்டோ எதுவும் எடுக்கவில்லை. குழந்தை எப்படி இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. கடற்படையை விட்டு வந்த பிறகுதான், கேட்கலாமா கூடாதா என்று ஒரு வருஷம் தயங்கி, மனைவியிடம் கேட்டார். அவள் சொன்னாள். ஒரே நாளில் இல்லை. இன்றைக்கு ஒன்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று. வெயில் முகத்தில் பட்டால் தும்மும். கட்டைவிரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு விடாது. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் அழுகையை நிறுத்திவிடும். காதுக்குப் பின்னால் கடுகளவு ஒரு மச்சம். இருபத்தைந்து வருஷத்தில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அத்தனையையும் மருமகளிடம் வரிசையாகச் சொன்னார். மச்சத்தைச் சொல்லும்போது தன் வலது காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை, சில வாரம் நான்கு தடவை, அத்தை பாப்பாவைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் முன்னால் போய் உட்கார்ந்து அதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது அப்போதுதான் நடந்தது. மார்பில் குத்து, சட்டையைப் பிடித்து உலுக்கல், இங்கதான் இருக்கேன். மருமகள் அந்த நேரத்தில் மாடிக்குப் போய்க் காய்ந்த துணியைத் திரும்பவும் உதறிப் போடுவாள்.

அத்தை இளைக்கத் தொடங்கினாள். டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். கேட்டதை மறுக்க வேண்டாம், பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். மகன் அப்பாவிடம் அதை எழுதியே காட்டினான். அவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நாளே மறுபடியும் மண்டியிட்டார்.

அன்று மருமகள் மாடிக்குப் போகவில்லை. அத்தை அழுது ஓய்ந்து தூங்கியதும் அவர் எதிரே வந்து நின்றாள்.

"ஏன் மாமா இப்படிப் பண்றீங்க? தூங்குறான்னு சொல்லிட்டுப் போகலாமில்ல?"

"அவகிட்ட நான் பொய் சொன்னதில்லைம்மா."

"இது பொய்யா?"

"அன்னிக்குத் தனியா அழுதா. இப்ப நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். "அழட்டும். நான் இருக்கேன்."

அவளுக்கு வந்த கோபத்தில் நிதானம் தவறிவிட்டது. "அவங்க அழறது உங்களுக்குத்தானே மாமா வேணும்?"

அவர் அவள் வாயைக் கூர்ந்து பார்த்தார். மனைவியின் உதடுகள் மாதிரி மருமகளின் உதடுகள் அவருக்குப் பிடிபடாது. "என்னம்மா?" என்றார்.

காது கேட்கிறவரிடம் என்றால் அப்படிப்பட்ட ஒன்றை மெதுவாகச் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிட முடிந்திருக்கும். இப்போது திரும்பச் சொல்ல வேண்டும். கத்திச் சொல்ல வேண்டும். அவள் கத்தினாள். "உங்களுக்காக அவங்களை அழ வைக்கிறீங்கன்னேன்." தெருவில் தையல் இயந்திரச் சத்தம் நின்றது அவளுக்குக் கேட்டது.

 அவர் மேஜையில் இருந்த கம்பளியை நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளுடைய கோட்டுக்கு மட்டும் எப்போதும்போல இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதுதான் அவளுக்குப் பெரும் பாடாக இருந்தது.

மூன்றாம் நாள் பகலில் அத்தை கேட்டாள். "பாப்பா எங்க?"

மருமகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவர் மனைவியின் எதிரே போய் நின்றார். இந்தத் தடவை மண்டியிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தூங்குறா" என்றார்.

அத்தை நெற்றியைச் சுருக்கினாள். "அப்புறம் எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

 அவர் அப்படியே விழித்துக்கொண்டு நின்றார். நாற்பது வருஷமாக மனிதரிடம் யாரும் மெதுவாகப் பேசச் சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

அன்றிலிருந்து அறுபத்தேழு வயதில் அவர் மெதுவாகப் பேசப் பழகினார். தன் குரல் தனக்குக் கேட்காதவர் எதை வைத்துக் குறைப்பது? இரண்டு விரலைத் தொண்டைக் குழியில் வைத்துக்கொள்வார். அதிர்வு விரலில் எவ்வளவு தட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறைப்பார். பேச்சு திடீரென்று காற்றாகிவிடும். திடீரென்று பழையபடி இடிக்கும். உடனே அத்தை உதட்டில் விரலை வைப்பாள். மருமகளைப் பார்த்து, சரியா என்று புருவத்தால் கேட்பார். அவள் கையைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டுவாள். பகல் நேரத்தில் மோட்டார் போடுவதை நிறுத்தினார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். மகன் சாயங்காலம் வண்டியை வாசலிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தான். இல்லாத ஒரு குழந்தையின் தூக்கம் கலையாமல் நான்கு பெரிய ஆட்கள் அந்த வீட்டில் நடமாடினார்கள்.

அத்தைக்குச் சில நாள் வெறும் தூக்கம் போதாது. "நல்லாக் குடிச்சாளா? அழுதாளா?" என்று கேட்பாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு, அவள் எப்போதோ தனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கே சொல்வார். வாசல்ல வெயில் பட்டதும் தும்மினா. குழாயைத் திறந்தேன், அழுகையை நிறுத்திட்டா. என் கட்டைவிரலைப் பிடிச்சவ விடவேமாட்டேன்னுட்டா. பார்க்காத மகளைப் பற்றி, பார்த்ததை மறந்துவிட்ட தாயிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அத்தை கண்கொட்டாமல் கேட்பாள்.

ஒருநாள் மருமகள் வேலையிலிருந்து வந்து தெருவில் திரும்பும்போது அவர் வெளிக்கதவுக்கு வெளியே, நடுத் தெருவில் நின்றிருந்தார். ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"இடது காதாம்மா" என்றார் அவர்.

"என்ன மாமா?"

"மச்சம். வலது காதுக்குப் பின்னாலன்னு சொல்லிட்டிருந்தேன் இன்னிக்கு. 'இல்லைங்க, இடது காது'ன்னா. 'நான் தினமும் குளிப்பாட்டுறேன், எனக்குத் தெரியாதா?'ன்னு கேட்டா." குரல் பழையபடி தெருவெல்லாம் போனது. "இத்தனை வருஷம் தப்பா வெச்சிருந்தேன்மா. இடது காது."

அறுபத்தேழு வயது மனிதர், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார். குழந்தையைப் பற்றி இனிமேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்றுதான் அவரும் நினைத்திருந்தார் போலும். மருமகள் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்து, அந்த வெயிலில் அவரோடு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் கத்திச் சொன்னதைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு பேசவில்லை.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. அதற்குள் அத்தை மகனைச் சில நாள் தம்பி என்றாள், மருமகளைச் சில நாள் இணைப்பகத்தில் கூட வேலை பார்த்த தோழியின் பெயரால் கூப்பிட்டாள். கணவரை மட்டும் கடைசிவரை அடையாளம் தெரிந்தது.

நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கத் தொடங்கியபோது அவர் நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பத்து நிமிஷ நடை அரைமணி நேரம் ஆயிற்று. ஆறு நாள் இருந்தார். மகன் இரவும் மருமகள் பகலும் மாறி மாறி இருந்தார்கள். ஆக்சிஜன் முகமூடியை நகர்த்திவிட்டு அவர் கேட்டதெல்லாம் மனைவி சாப்பிட்டாளா என்பதுதான். ஆறாம் நாள் பகல் பதினொன்றரைக்கு இறந்தார். நின்ற இடத்திலேயே நின்றவர், அலட்டிக்கொள்ளவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து போனார்கள். மறுநாள் காலை அத்தை படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். முந்தின நாள் வீட்டில் நடந்தது எதுவும் அவளிடம் தங்கவில்லை.

"அவரு எங்க?" என்றாள்.

மகன் மனைவியைக் கூடத்துக்கு இழுத்துப் போனான். முகம் வீங்கியிருந்தது. "கப்பலுக்குப் போயிருக்காருன்னு சொல்லிடு. நீதானே சொன்ன, பொய் சொன்னா என்னன்னு. கப்பல்னா நம்பிடுவாங்க."

நம்பிவிடுவாள். அதில் மருமகளுக்குச் சந்தேகமில்லை. வாயைத் திறந்து அதைச் சொல்லத்தான் அறைக்குள் போனாள். அத்தை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையைக் கோத்து மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, பழகிப்போன ஒருத்தி உட்கார்ந்திருப்பதுபோல. அந்த உட்காரலைப் பார்த்ததும் மருமகளுக்கு விளங்கியது. கப்பல் என்று சொன்னால் இவள் காத்திருக்க ஆரம்பித்துவிடுவாள். இனிமேல் இருக்கிற நாளெல்லாம் காத்திருப்பாள். பாப்பா தூங்குகிறாள் என்றால் வீடு அமைதியாக இருந்தால் போதும். இது அப்படி இல்லை.

கட்டிலருகே தரையில் மண்டியிட்டாள். அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மாமா இறந்துட்டாரு அத்தை. நேத்து. ஆஸ்பத்திரியில. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். வரப்போகும் சத்தத்துக்காக மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெகுநேரம். மருமகளின் கன்னத்தில் நீர் வழிந்து அத்தையின் கை மேல் சொட்டியது. அத்தை குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கட்டிலில் சுவர்ப் பக்கமாக நகர்ந்து, ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.